இருபதாம் தேதிக்குள் வாரண்டி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. ஹாலில் கட்டிய கொடியில் அவருடைய பேன்ட், நிவேதாவின் துப்பட்டா, என் மூன்று சேலை. வீட்டுக்குள் குனிந்து குனிந்து நடக்க வேண்டியிருக்கிறது.

கிளினிக்கில் கூட்டமில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்த தாத்தா ஒருவர் அப்படியே தூங்கிவிட்டார். டாக்டர் எழுப்ப வேண்டாம் என்றார்.

மத்தியானம் ஒரு போன். கார் வாங்கிய ஷோரூமிலிருந்து பூஜா என்று ஒரு பெண். "மேடம், ஆப்கா வாரண்டி பீஸ் தாரீக் கோ கதம்." இருபதாம் தேதியோடு முடிகிறதாம், மூன்று வருடம் ஆகிவிட்டதாம். எனக்கு நேற்று வாங்கியது போல இருக்கிறது. இருபதாம் தேதிக்குள் பணம் கட்டினால் இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித் தருவார்களாம். எக்ஸ்டென்டட் வாரண்டி. இனி இங்கே எ.வா.

எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். என் சம்பளத்தில் பாதிக்கு மேல். எதற்கெல்லாம் கிடைக்கும் என்று கேட்டேன். எஞ்சின், கியர், கரண்ட் சமாச்சாரம் எல்லாம். எதற்குக் கிடைக்காது என்று கேட்டேன். அந்தப் பட்டியல் இன்னும் நீளம். டயர் கிடையாது, பிரேக் கட்டை கிடையாது, தண்ணீர் புகுந்தால் கிடையாது. பம்பாயில் தண்ணீர் புகாமல் எப்படி ஓட்டுவதாம்.

கடைசியாக மெதுவாகச் சொன்னாள். சர்வீஸ் எல்லாம் இனி அவர்கள் ஒர்க்‌ஷாப்பில்தான். "பாஹர் கா ஹாத் லகா தோ கேன்சல், மேடம்." வெளி ஆள் கை பட்டால் ரத்து.

வெளி ஆள். இந்தக் காரைப் பார்ப்பது முருகன், என் கூடப் பிறந்தவன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ராத்திரிக்கு ரவை உப்புமா. யாருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும்.


ஜூலை 9, புதன்

மழை கொஞ்சம் விட்டது. எலக்ட்ரிக் பில் கட்டியாச்சு. நிவேதாவின் காலேஜ் பஸ் பாஸ், நாளை.

அவரிடம் எ.வா. பற்றிச் சொன்னேன். ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. "வாங்கிரு பிள்ள. இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு."

"தம்பி இருக்கானே."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

இவர் லைசென்ஸ் எடுத்து வருடக்கணக்காகிறது. ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. வேலைக்குப் பாண்டுப் வரை ரயிலில் போய் ரயிலில் வருகிறார். காரில் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் இருக்கும் இடத்தில் காலை அழுத்துவதோடு சரி. ஆனால் என் தம்பி மெக்கானிக்கா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல இவருக்கு லைசென்ஸ் வேண்டாம்.

கோபம் காரைப் பற்றியது அல்ல என்று எனக்குத் தெரியும். நிவேதா பெரியவளான போது முருகன் அப்போதுதான் குர்லாவில் கேரேஜ் எடுத்திருந்தான். கையில் இருந்தது எல்லாம் டெபாசிட்டுக்குப் போயாச்சு. தாய்மாமன் சீர் என்று ஒரு சேலையும் சில பழத்தட்டும் கொண்டு வந்தான். நகை இல்லை. தாராவியில் சங்க ஹாலில், இவருடைய ஆட்கள் தட்டை எண்ணினார்கள், எனக்குக் கேட்கும்படி. முருகன் பந்தியில் உட்காராமலே போய்விட்டான். அதை இவர் இன்னும் மறக்கவில்லை. முருகனும்.

அதனால்தான் கார் வந்த அன்றே வந்து பானெட்டில் கை வைத்துச் சொன்னான், "எக்கா, இனி இந்த வண்டி எம் பொறுப்பு." கம்பெனியின் இலவச சர்வீஸ் முடிந்ததும் அவனிடமே விட்டேன். ஆயில், பிரேக், கழுவுவது, எதற்கும் ஒரு பைசா வாங்கியதில்லை. கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். இது அவன் செய்கிற சீர். நான் வாய் திறந்து அப்படிச் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை. ஆயுத பூஜைக்கு அவன் கேரேஜில் முதல் எலுமிச்சம்பழம் என் கார் டயருக்குத்தான்.

எ.வா. வாங்கினால் அவனிடம் "இனி தொடாதே" என்று சொல்ல வேண்டும். சீரைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. வாங்காவிட்டால், பெரிய ரிப்பேர் வந்தால், மொத்தப் பணமும் நம் தலையில். அப்போது இவர் பேச்சையும் கேட்க வேண்டும்.

நிவேதாவிடம் கேட்டேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல், "மம்மி, டென்ஷன் மத் லே. யூடியூப்ல பாரு." பார்த்தேன். ஒருவன் கட்டாயம் வாங்கு என்கிறான். இன்னொருவன் சுத்த ஏமாற்று என்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தாடி.

இவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்த ஒரு நன்மை, இங்கே தாராளமாக எழுதலாம்.


ஜூலை 10, வியாழன்

வாங்கலாம்:
எஞ்சின் போனால் நாம் தாங்க மாட்டோம்.
மனம் நிம்மதி.
இவர் வாய் அடங்கும்.
விற்கும்போது நல்ல விலை வருமாம் (பூஜா).

வேண்டாம்:
மூன்று வருடமாகக் கார் நன்றாகத்தான் ஓடுகிறது.
ஒன்றும் ஆகாவிட்டால் பணம் தண்டம்.
முருகன்.
முருகன்.

ஏன் இரண்டு தடவை எழுதினேன் தெரியவில்லை. டீ மேலே சிந்திவிட்டது.

டாக்டரிடம் கேட்டேன். அவர் மூன்று கார் வைத்திருக்கிறார். "நான் டிரைவரிடம் விட்டுவிடுவேன், சந்திரா" என்றார்.


ஜூலை 12, சனி

வெயில், ஆச்சரியம். துணி காய்ந்தது.

குர்லாவுக்குப் போனேன், முருகனிடம் நேராகக் கேட்டுவிடுவது என்று. போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "தம்பி, ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காத." சிக்னலில் ஆட்டோக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். தனியாகப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பான், அதுதானே உண்மை.

கேரேஜ் வாசலில் ஒரு ஆள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை. முருகன் சிரித்துக்கொண்டே, "தீன் மஹினா கேரண்டி ஹை, பாய். குச் ஹுவா தோ லேகே ஆவோ." மூன்று மாதத்துக்குள் ஏதாவது ஆனால் கொண்டு வா என்று. அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். என் தம்பி இப்படி வியாபாரம் பேசி நான் பார்த்ததில்லை. என்னிடம் பேசும்போது இன்னும் ஸ்கூல் பையன் மாதிரிதான்.

"எக்கா, வா வா. ஆயில் பாக்கணுமா?"

"இல்லல, சும்மாதான் வந்தேன்."

"சும்மா ஏன் வருத. பாக்கியம், எக்காவுக்கு டீ."

பாக்கியம், அவன் பெண்டாட்டி. கேரேஜுக்குப் பின்னால் ஒரே அறை, அங்கிருந்து டீ கொண்டு வந்தாள். இளைத்துவிட்டாள். கேட்டேன். "அதெல்லாம் இல்ல மதினி" என்றாள். சுவரில் பழைய காலண்டர், மாதம் கிழிக்கவில்லை.

முருகன் அதற்குள் பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றி, கண்ணாடி துடைத்து, டயருக்குக் காற்று அடித்துவிட்டான். நான் கேட்கவே இல்லை. நான் கேட்க வந்ததை எங்கே கேட்பது.

டீ குடித்தேன். வந்துவிட்டேன். வழியில் மீன் வாங்கினேன், விலை அநியாயம்.


ஜூலை 14, திங்கள்

கிளினிக்கில் அரை நாள் லீவு. ஷோரூமுக்குக் காரைக் கொண்டு போனேன். எ.வா. கொடுக்குமுன் வண்டியைப் பார்க்க வேண்டுமாம். ஏ.சி. ஹால், இலவசக் காபி, பூஜா நேரில் இன்னும் சின்னப் பெண். நகத்தில் பத்து விதக் கலர்.

பரிசோதனை செய்த ஆள் பானெட்டுக்குள் குனிந்து வெகு நேரம் பார்த்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான். "மேடம், யே ஹமாரா நஹி ஹை." இது எங்கள் பாகம் இல்லை என்று.

காட்டினான். ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது. அதன் மேல் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு நம்பர், கையால் எழுதியது. காயலான் கடையில் பழைய பாகத்தைப் பிரித்து எடுக்கும்போது அப்படி எழுதுவார்களாம். வேறு ஏதோ வண்டியில் ஓடியது. எனக்கு முகம் சுட்டது, அந்தக் குளிரிலும்.

இது எப்போது என்று எனக்குத் தெரியும். போன வருட மழை. மாட்டுங்கா பாலத்துக்குப் பக்கத்தில் கார் நின்றது, விளக்கெல்லாம் அணைந்து. ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர், வண்டிக்குள் புகவில்லை. முருகனுக்குப் போன் போட்டேன். பைக்கில் வந்தான், தலையிலிருந்து தண்ணீர் வழிய. கட்டி இழுத்துக்கொண்டு போய், மறுநாள் கொண்டு வந்து விட்டான். "சரியாயிட்டு எக்கா, இனி தொந்தரவு இல்ல." புதுசு போட்டுவிட்டேன் என்று சொன்னானா, நானாக நினைத்துக்கொண்டேனா, இப்போது எவ்வளவு யோசித்தாலும் தெரியவில்லை. இவரிடம் நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "புத்தம் புதுசு போட்டிருக்கான், ஒரு பைசா வாங்கல." பெருமையாகச் சொன்னேன்.

அந்த ஆள் இன்னொன்று சொன்னான். அதுதான் எல்லாவற்றையும் விட மோசம். "மேடம், இது வாரண்டியில் இருந்ததே. எங்களுக்குப் போன் பண்ணியிருந்தால் நாங்கள் வந்து இழுத்துப் போய்ப் புதுசு போட்டிருப்போம். ஃப்ரீ."

ஃப்ரீ. முன் கண்ணாடியில் மூலையில் கம்பெனியின் போன் நம்பர் ஒட்டியிருக்கிறது. மூன்று வருடமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். அன்றைக்குத் தண்ணீரில் நின்றுகொண்டு என் விரல் போனது தம்பி நம்பருக்கு.

இப்போது: அவர்களே புதிய ஆல்டர்னேட்டர் போட வேண்டும், அதற்கு நாம் பணம் கொடுக்க வேண்டும், பிறகு எ.வா., அதற்கும் பணம். பூஜா காபி கொடுத்தாள். குடிக்கவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

மழை. இவரிடம் "ஒரு பார்ட் மாத்தணுமாம்" என்று மட்டும் சொன்னேன். எந்தப் பார்ட், யார் போட்டது, சொல்லவில்லை. சொன்னால் அதோடு முருகன் இந்த வீட்டுப் படி ஏற முடியாது.

கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. முருகன் மேல்தான், முதலில். எனக்கே பழசு மாட்டினானே. வேறு ஆளுக்கு மாட்டியிருந்தால் ஏமாற்று என்போம். ஆனால் நான் பணம் கொடுக்கவில்லை. கொடுக்காத பணத்துக்கு ஏது ஏமாற்று. அப்புறம் என் மேல். அப்புறம் திரும்ப அவன் மேல். சப்பாத்தி கருகியது.

நிவேதாவை ஸ்டேஷனில் விட்டபோது வைப்பர், லைட், ஏ.சி. மூன்றும் ஓடின. ஓடிக்கொண்டேதான் இருக்கிறது அந்தப் பழசு. ஒரு வருடமாக. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஆனால் இனி ராத்திரி கிளினிக் முடிந்து தனியாக வரும்போது பயப்படுவேன். நேற்று வரை பயமில்லை. அதே கார்தான்.


ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாச்சு. அவர் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "ஆடியில புதுசா ஒண்ணும் வாங்கக் கூடாதே. நேத்தே முடிச்சிருக்கலாம்."

"வாரண்டி பொருளா என்ன?"

யோசித்தார். "பொருள் இல்லதான். ஆனா புதுசு." மறுபடி வாயைக் கொப்பளித்தார். "பழசத்தான நீட்டுதோம். அப்ப வாங்கலாம்."

சிரித்துவிட்டேன். பாவம், என்னை விட அதிகம் குழம்பியிருக்கிறார், ஒத்துக்கொள்ள மாட்டார்.

பூஜா இரண்டு முறை போன். எடுக்கவில்லை. பிறகு எடுத்தேன். சனிக்கிழமை வந்தால் டிஸ்கவுன்டாம். நாளை சொல்கிறேன் என்றேன்.

தம்பியிடம் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது. கேட்டால் அவன் பொய் சொல்லலாம். அந்தப் பயம்தான் பெரிது, கார் நடுவழியில் நிற்கும் என்ற பயத்தை விட. அவன் பொய் சொன்னால் எனக்குப் பிறந்த வீடு என்று எதுவும் மிச்சமில்லை. அவன் ஒருவன்தான்.


ஜூலை 19, சனி

வந்தவுடன் எழுதுகிறேன், இல்லாவிட்டால் மாற்றி மாற்றி ஞாபகம் வரும்.

கேரேஜில் வேறு ஆள் இல்லை. மழையால் வேலை குறைவு. பாக்கியம் வாசலில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். முருகன் எழுந்து பானெட்டைத் திறக்கப் போனான். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

"முருகா, போன வருசம் மாத்துனியே, அது பழசாடே?"

கையைத் துணியில் துடைத்தான், ஏற்கெனவே துடைத்த கை.

"ஆமாக்கா. காயலான் கடையில எடுத்தது."

பொய் சொல்லவில்லை. அதற்கே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, திட்ட வந்தவளுக்கு.

"ஏம்ல சொல்லல?"

"சொன்னா நீ காசு எடுத்து நீட்டுவ. அப்ப அத்தானுக்குத் தெரியும். சடங்குக்கும் ஒண்ணும் செய்யல, வண்டிக்கும் காசு வாங்குதான்னு சொல்லுவாவ. எங்கிட்ட அன்னைக்கு புதுசுக்கு வழியில்ல. வாடகையே ரெண்டு மாசம் பாக்கி."

"கம்பெனியில சும்மா குடுத்திருப்பானாம். வாரண்டி இருந்துச்சாம்."

"தெரியும்."

"தெரியுமா?"

"வண்டி வேல பாக்கவனுக்கு அது தெரியாமலா. நீ தண்ணியில நின்னு எனக்குல்லா போன் போட்ட. கம்பெனிக்குப் போடுன்னு ஒங்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்."

ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன். சேலையெல்லாம் கறை.

அவனே மறுபடி சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. "வேற எவன் வண்டியா இருந்தாலும் காச வாங்கிட்டு புதுசுதான் போடுவேன். இங்க வருத வண்டியிலயே பழசு போட்டு ஓடுதது ஒன் வண்டி ஒண்ணுதான்."

காசு வாங்காமல் செய்கிறான் என்றால் கையில் இருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் வாடகை பாக்கி என்று ஒரு நாள் கூட நான் கேட்டதில்லை. காலண்டர் கிழிக்காமல் கிடந்ததைப் பார்த்தேன், பாக்கியம் இளைத்ததைப் பார்த்தேன், டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன். சீர் வாங்கும் அக்காவுக்கு எதையும் கேட்கத் தோன்றாது போல.

"இப்ப புதுசு போடு" என்றேன். "காசு வாங்கிக்க."

"வேண்டாம்க்கா."

"அப்ப நான் கம்பெனிக்குப் போறேன்."

முகம் மாறிவிட்டது அவனுக்கு. அந்த நேரம் வாசலிலிருந்து பாக்கியம், பயறிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாங்குங்க. மதினி குடுக்காவல்லா." அவள் குரலில் இத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் இருந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் என்னை.

முருகன் பைக்கில் போய்ப் புதுசு வாங்கி வந்தான். பெட்டியோடு காட்டினான், நான் கேட்காமலே. மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. மழை வந்து வந்து போனது. நான் பாக்கியத்தோடு பயறு பொறுக்கினேன். அவள் கேரேஜுக்கு இன்னும் கொஞ்ச நாளில் வேறு இடம் பார்க்க வேண்டும் என்றாள், கோபர்கைரனே பக்கம் வாடகை குறைவாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது.

"பில் போடுல" என்றேன்.

பில் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். "பேரு என்ன போட?"

"எம் பேரு மறந்து போச்சா?"

"அக்கான்னு போட முடியாதுல்லா."

கடைசியில் ஹிந்தியில் "சந்திரா மேடம்" என்று எழுதினான். எனக்குச் சிரிப்பு வந்தது. பணத்தை வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்கினான். எண்ணவில்லை. பாக்கியம் எண்ணினாள்.

பிறகு டிராயரைத் திறந்து ரப்பர் ஸ்டாம்ப் எடுத்து பில்லின் அடியில் அழுத்தினான். தீன் மஹினா கேரண்டி.

"இது எல்லாருக்கும் உண்டுல்லா?" என்று கேட்டேன்.

"பில் போட்டா எல்லாருக்கும் உண்டு."

"இத்தன நாளா எனக்கு?"

"நீ கஷ்டமரா?" என்றான்.

சுனாபட்டி சிக்னலில் நின்றபோதுதான் உறைத்தது. கம்பெனிக்காரன் சொன்னானே, பார்ட்டை அவர்கள்தான் போட வேண்டும் என்று. முருகனைப் போடச் சொன்ன போதே எ.வா. கை விட்டுப் போய்விட்டது. இரண்டு வாரமாகப் பட்டியல் போட்டு யோசித்தது, பயறு பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் முடிந்துவிட்டது. நான் கவனிக்கவே இல்லை.

சரியா தப்பா தெரியவில்லை. எஞ்சின் போனால் அழுவேன். பின்னால் ஹார்ன் அடித்தார்கள், பச்சை விழுந்திருந்தது.


ஜூலை 20, ஞாயிறு

தூறல். தலைக்குக் குளித்தேன். மட்டன் அரைக் கிலோ, நிவேதாவுக்கு ஈரல்.

பூஜா பதினொரு மணிக்கு. "மேடம், ஆஜ் லாஸ்ட் டே." வேண்டாம் என்றேன். காரணம் ஏதோ பாரத்தில் எழுத வேண்டுமாம், கேட்டாள். ஆல்டர்னேட்டர் வெளியில் போட்டாச்சு என்றேன். "ஓஹோ, பாஹர் ஸே" என்றாள், எனக்காக வருத்தப்படுவது போல. வெளியில் இல்லை என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நல்ல பெண், நன்றி சொல்லி வைத்தேன்.

பில்லைக் கார் பேப்பரோடு வைக்கவா, பீரோவில் வைக்கவா. இரண்டு தடவை இடம் மாற்றினேன். இப்போது சாமி படத்துக்குப் பின்னால்.

சாப்பிட்டு முடித்து அவர் டீவி முன்னால். விளம்பரம் வந்தபோது திரும்பாமல் கேட்டார்.

"அந்த வாரண்டி வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"எங்க?"

"குர்லாவுல. எந் தம்பிட்ட. காசு குடுத்து."

"எத்தன வருசத்துக்கு?"

"மூணு மாசம்."

டீவி சத்தத்தைக் குறைத்தார்.